கிளட்ச் இல்லாத வண்டி

பேருந்து நிலையத்தில் அவரை எல்லோரும் 'எக்ஸ்பிரஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு அவர் நடந்து வருவதைப் பார்த்தால், சிரிப்பை அடக்க முடியாமல் திண்டாடுவார்கள். இடது கால் மடங்காது. அதை முன்னால் எடுத்துப் போட்டு, உடம்பைப் பின்னாலேயே இழுத்து வந்து சேர்ப்பதுதான் அவர் நடை. விசாரணை அறையிலிருந்து கேன்டீனுக்கு நாற்பது அடி தூரம். "எக்ஸ்பிரஸ் கெளம்பிடுச்சு, டீயை இப்பவே போட்டுடு, வந்து சேரும்போது சூடு சரியா இருக்கும்" என்று கேன்டீன்காரர் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். "வழியில ரெண்டு இடத்துல ஆளை ஏத்த வேண்டியதாப் போச்சு" என்று இவர் வந்து சேர்ந்து பதில் சொல்வார். தினமும் இதே பேச்சுதான். தினமும் இருவரும் சிரிப்பார்கள்.

பெயர் வந்தது காலுக்கு முந்தி. பதினாறு வருஷம் தொலைதூர எக்ஸ்பிரஸ் ஓட்டினவர் அவர். மலைப்பாதை வளைவு ஒன்றில் எதிரே வந்த லாரிக்காரர் கண்ணசந்துவிட்டார். இவர் வண்டியைப் பள்ளத்துப் பக்கம் விடாமல் பாறைப் பக்கம் ஒடித்தார். பயணிகள் நாற்பத்து மூன்று பேருக்கும் சிராய்ப்போடு போயிற்று. நசுங்கியது ஓட்டுநர் இருக்கையின் முன்பக்கம் மட்டும்தான். டாக்டர்கள் அவருடைய இடது முழங்காலை நாலு முறை திறந்து மூடினார்கள். கடைசியில், 'நடக்கலாம், நிற்கலாம், கிளட்ச் மிதிக்க இயலாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

நிர்வாகம் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. விசாரணை அறையில் உட்கார வைத்தது. கண்ணாடித் தடுப்பில் அரைவட்டமாக ஓர் ஓட்டை, உள்ளே மேஜை, மேஜைமேல் மைக். எச்சில் தெறிக்கக் கூடாது என்று யாரோ அதற்கு ஒரு காலுறையை மாட்டியிருந்தார்கள். பின்சுவரை ஒட்டி மூன்று தட்டு இரும்பு அலமாரி. பேருந்துகளில் பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருள்கள் எல்லாம் அதில்தான் வந்து சேரும்.

முதல் வருஷம் அந்த அறையை அவர் அடியோடு வெறுத்தார். எக்ஸ்பிரஸ் வண்டிகள் நிற்கும் நடைமேடை கண்ணில் படாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். கண்ணை மறைக்கலாம், காதை என்ன செய்வது? ஒரு வண்டி உறுமிக் கிளம்பினால், முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும் அந்த நொடியில், மேஜைக்கு அடியில் அவருடைய மடங்காத காலின் பாதம் தானாகத் தரையை அழுத்தும். பழைய சகாக்கள் ஓட்டை வழியாகக் குனிந்து, "எப்படிய்யா இருக்கு?" என்று கேட்டால், "ராஜ வாழ்க்கை. ஃபேன் இருக்கு, டீ இருக்கு, தூக்கம் கெடறதில்லை. உங்களை மாதிரி நாய்படாத பாடு பட வேண்டியதில்லை" என்பார். அத்தனையும் பொய். அவர்கள் பரிதாபப்பட்டுவிடக் கூடாதே என்று சொன்ன பொய்.

மூன்றாவது வருஷத்தில் எப்போதோ அது பொய்யாக இல்லாமல் போயிற்று. எந்த நாள் என்று அவரால் சொல்ல முடியாது. ஒரு நாள் மத்தியானம் கவனித்தார்: எக்ஸ்பிரஸ் கிளம்பிப் போய்விட்டிருந்தது, கால் அசையவே இல்லை. அந்த நேரத்தில் அவர் ஒரு பல் செட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

கைக்குட்டையில் சுற்றிய பல் செட். இருக்கைக்கு அடியில் கிடந்ததாகக் கண்டக்டர் கொண்டுவந்து கொடுத்தார். மைக்கில் பல் செட் என்று சொன்னால் சொந்தக்காரர் மானம் கப்பலேறும். சொல்லாவிட்டால் வர மாட்டார். அரை மணி நேரம் மண்டையைக் குடைந்துவிட்டு எக்ஸ்பிரஸ் மைக்கை எடுத்தார். "மூன்றாம் நடைமேடையில் வந்திறங்கிய பெரியவர் ஒருவர், சாப்பிடுவதற்கும் பேசுவதற்கும் மிகவும் அவசியமான ஒரு பொருளை வண்டியில் விட்டுவிட்டார். விசாரணை அறைக்கு வந்தால், ஒன்றும் கேட்காமல் கொடுத்துவிடுவோம்." ஐந்தே நிமிஷத்தில் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு ஒரு பெரியவர் வந்து நின்றார். பேசவில்லை. கையை மட்டும் நீட்டினார். வாங்கித் திரும்பி நின்று மாட்டிக்கொண்டு, மறுபடி திரும்பி, "நல்லா இருப்பீங்க தம்பி" என்று அட்சரம் பிசகாமல் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அலமாரியைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. ஒவ்வொரு பொருளிலும் யாரோ ஓர் ஆள் மிச்சமிருக்கிறார் என்று அவருக்குத் தோன்றும். மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வெள்ளைச் சாக்கட்டித் துண்டு இருந்தால் தையல்காரர், அல்லது வாத்தியார். சாக்கட்டி தட்டையாக இருந்தால் தையல்காரரேதான். ஒரு முறை ஸ்கேன் படங்கள் இருந்த உறை ஒன்று வந்தது. அதில் இருந்த முத்திரையை வைத்து மருத்துவமனைக்குப் போன் போட்டு, ஆபரேஷன் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுபோய்ச் சேர்க்க வைத்தார். அவர் உட்காருவதற்கு முன்பு அந்த அலமாரியில் சேர்ந்தவற்றில் முக்கால்வாசி, ஏலத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. இப்போது ஏலத்துக்கு அனுப்ப ஒரு மூட்டை தேறுவதே அபூர்வம்.

இப்படியே பன்னிரண்டு வருஷம் ஓடிற்று. அப்போதுதான் பேட்டரி வண்டிகள் வந்தன.

டிப்போ மேலாளர் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத பெண்மணி. கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"புது வண்டியில கியர் இல்லை, கிளட்ச் இல்லை. ரெண்டே மிதி. ரெண்டும் வலது காலுக்கு. உங்க இடது காலை நீங்க வீட்டுலயே விட்டுட்டு வந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை."

எக்ஸ்பிரஸ் சிரித்தார். அப்புறம்தான் விஷயம் உறைத்தது.

"கால் அடிபட்டு வேற வேலைக்குப் போன ஓட்டுநர்களைத் திரும்ப எடுக்கலாம்னு உத்தரவு வந்திருக்கு. நீங்கதான் முதல் ஆளு. பத்து நாள் பயிற்சி. தேறிட்டா உங்க பழைய ரூட்டே."

நிலையம் முழுக்கச் செய்தி பரவ ஒரு டீ நேரம் போதுமாக இருந்தது. ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கேன்டீன்காரர், "இனிமே டீ ஆறிப்போகும்னு கவலை இல்லை" என்றார். எல்லோருக்கும் பல்லைக் காட்டிவிட்டு எக்ஸ்பிரஸ் அறைக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தார். சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரம் என்று தெரிகிறது. சந்தோஷத்தைத்தான் காணோம்.

சாயங்காலம் சங்கச் செயலாளர் வந்தார். ஒரு காலத்தில் இவருடைய எக்ஸ்பிரஸில் கண்டக்டராக இருந்தவர். விபத்து நடந்த அன்றும் அந்த வண்டியில் பின்படியில் நின்றவர். உரிமையோடு கதவைத் திறந்து உள்ளே வந்து, மேஜைமேல் ஏறி உட்கார்ந்தார்.

"யோவ், ரெண்டு வருஷம் மல்லுக்கட்டி வாங்கின உத்தரவுய்யா இது! மூஞ்சியை ஏன் இப்படி வச்சிருக்கே?"

"எனக்கு இங்கயே நல்லாத்தான் இருக்கு."

செயலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதைச் சொல்றது நீ இல்லை. உன் கால். பன்னெண்டு வருஷமா அதுதான் பேசிக்கிட்டு இருக்கு."

"என்னய்யா சொல்றே?"

"சின்னச் சட்டையை மாட்டிக்கிட்டு, மூச்சை உள்ளே இழுத்தே பழகினவன் அதுதான் தன் அளவுன்னு நெனைச்சுக்குவான். வேற சட்டை இல்லாதப்போ அவன் வேற என்னதான் செய்வான்? உன் மேல தப்புச் சொல்லலை. ஆனா இப்ப சட்டை வந்துடுச்சு. மூச்சை விடு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. உனக்குப் பின்னாடி, உன்னை மாதிரியே கால் அடிபட்டவங்க நாலு பேரு நிக்கறாங்க. ஒருத்தன் கழிப்பறைச் சாவி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். நீ வேணாம்னா, 'பாருங்க, அவங்களுக்கே இஷ்டமில்லை'ன்னு மேல இருக்கறவங்க கோப்பை மூடிடுவாங்க."

நாலு பேர் விஷயம் எக்ஸ்பிரஸுக்கு நெஞ்சில் கனத்தது. ஆனால் முள்ளாகக் குத்தியது அந்தச் சட்டைப் பேச்சுதான். முதல் வருஷம் சொன்ன 'ராஜ வாழ்க்கை' பொய் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பொய்தான் மெல்ல மெல்ல ஊறி உண்மையாக மாறியிருக்கிறதா? பொய்யில் முளைத்தது எப்படி உண்மையாகும்? தனக்குப் பிடித்திருக்கிறது என்பதையே இனி தான் நம்பக் கூடாதா?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவர் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்ப்பவர். எதையும் நிதானமாகக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அன்றைக்கு என்னவோ, இவர் பேசி முடிக்கும் முன்பே, "போங்க, போய்ட்டு வாங்க" என்றார்.

"பத்து நாள் அங்கயே தங்கணும்."

"அதனால என்ன? நான் சின்னப் பிள்ளையா?"

எக்ஸ்பிரஸ் சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கறேன். வேற வழி இல்லாம வந்த ஆசை ஆசையா?"

"நல்ல ஆளைப் பார்த்துக் கேட்டீங்க. கல்யாணம்னு பண்ணினா கப்பல்ல வேலை பார்க்கறவரைத்தான் பண்ணிக்கணும்னு இருந்தேன் நான். வந்து நின்னது பஸ்சு."

"அப்போ?"

"அப்போ என்ன? இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. நல்லாத்தான் இருக்கேன்."

"இப்ப கப்பல் வந்து நின்னா ஏறுவியா?"

"வந்து நிக்கட்டும், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

சிரிப்பதற்காகச் சொன்னதுதான். ஆனால் எக்ஸ்பிரஸுக்கு அதில் ஒரு வழி தெரிந்தது. வராத கப்பலை வேண்டாம் என்று சொல்வதில் ஒன்றும் இல்லை. அது வந்து, ஏணியும் போட்டு, ஏறலாம் என்று ஆன பிறகு மனம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். போகத்தான் வேண்டும் என்று முடிவு செய்தார். தேறிவிட்டால் நாலு பேருக்கு வழி திறக்கும். தனக்கும் தன்னைப் பற்றித் தெரிந்துவிடும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு தீப்பெட்டி வந்தது. மலையடிவாரத்திலிருந்து வரும் காலை வண்டியில் ஜன்னலோரம் கிடந்ததாம். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் காது கேட்கும் கருவி. மைக்கில் மூன்று முறை அறிவித்தார், யாரும் வரவில்லை. அறையைப் பத்து நாளைக்குப் பார்த்துக்கொள்ளப் போகும் பார்சல் பிரிவுக் கிளார்க்கிடம், "தங்கச்சி, இதை மட்டும் மறந்துடாதே" என்று ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்.

பயிற்சி மைதானம் ஊரின் மறுகோடியில் இருந்தது. புது வண்டியின் ஓட்டுநர் இருக்கைக்கு ஏற மூன்று படி. கைப்பிடியைப் பிடித்து, மடங்காத காலை முதலில் உள்ளே அனுப்பி, பின்னாலேயே தானும் போய் உட்கார்ந்தார். இடது காலுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. நீட்டி வைத்துக்கொள்ள ஓரமாக ஒரு பலகை இருந்தது. பயிற்சியாளர் தலையசைத்தார். எக்ஸ்பிரஸ் வலது காலை மெதுவாக அழுத்தினார்.

சத்தமே இல்லாமல் பன்னிரண்டு டன் நகர்ந்தது.

அந்த நிமிஷத்தை அவர் பிற்பாடு யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. கை தானாக வளைவை எடுத்தது. கண்கள் கேட்காமலே கண்ணாடிகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டன. வண்டியின் அகலம் தோளுக்குத் தெரிந்தது. மைதானத்தை இரண்டாம் சுற்று வரும்போது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "வெயில் கண்ணுல அடிக்குதா சார்?" என்று பயிற்சியாளர் கேட்டார். "ஆமாம்" என்றார். வெயில் முதுகுப் பக்கம் இருந்தது.

அன்று சாயங்காலம் விடுதிக் கட்டிலில் உட்கார்ந்தபோது பயம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு இனிப்பாக இருக்கிறதே! அப்படியானால் செயலாளர் சொன்னது சரிதானா? பன்னிரண்டு வருஷமும் தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டு ஒரு மைக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தோமா?

அடுத்த நாளும் இனித்தது. மூன்றாம் நாள் மணல் மூட்டைகளைப் பயணிகளாக ஏற்றி மேம்பாலத்தில் ஓட்டச் சொன்னார்கள். அதுவும் இனித்தது. டீ குடிக்க நிறுத்தினபோது எக்ஸ்பிரஸ் போனை எடுத்தார்.

"தங்கச்சி, தீப்பெட்டிக்கு ஆள் வந்தாங்களா?"

"இல்லை அண்ணே. தினமும் நாலு வாட்டி மைக்குல சொல்றேன், யாரும் வரலை."

எக்ஸ்பிரஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட, எப்படி வருவாரு? அவருக்குத்தான் காது கேக்காதே! காது மெஷினைத் தொலைச்ச ஆளை மைக்குல கூப்பிட்டா? நானும் மூணு வாட்டி கூப்பிட்டிருக்கேன் பாரு, எனக்குப் புத்தி எங்க போச்சு!"

மறுமுனையில் தங்கச்சி சிரித்த சிரிப்பில் பார்சல் பிரிவே திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். "போர்டுல எழுதிப் போடு. பெரிய எழுத்தா, கண்ணு மட்டத்துல. அந்தக் காலை வண்டிக் கண்டக்டர்கிட்ட ஒரு சீட்டு கொடுத்து, ஜன்னலோரம் ஒட்டச் சொல்லு. தினமும் வர்ற ஆளா இருந்தா அதே பக்கம்தான் உக்காருவாரு" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அன்றிலிருந்து மனசு ஓயவில்லை. ஓட்டிக்கொண்டே இருப்பார். போர்டை எந்தத் தூணில் மாட்டியிருப்பாள், வெயில் பட்டுப் பளபளத்தால் எழுத்துத் தெரியாதே என்று ஓடும். ஐந்தாம் நாள் போன் செய்தார், வரவில்லை. ஆறாம் நாள் செய்தார், வரவில்லை. எட்டாம் நாள் மத்தியானம் வண்டியை நிறுத்தி இறங்கும்போது போன் அடித்தது.

"அண்ணே, வந்துட்டாரு! அச்சகத்துல வேலை பார்க்கறவராம். ஒன்பது நாளா முதலாளி திட்டறது எதுவுமே கேக்கலை, நிம்மதியா இருந்தேன்ங்கறாரு. மெஷினை எடுத்து மாட்டினாரு. அப்ப பார்த்து நான் மைக்குல பேசினேனா, 'என்னம்மா இப்படிக் கத்தறே'ன்னு காதைப் பொத்திக்கிட்டாரு!"

எக்ஸ்பிரஸ் அப்படியே வண்டியின் படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார். சிரித்து முடித்தபோதுதான், தான் உட்கார்ந்திருப்பது அந்தப் புது வண்டியின் படியில் என்பது உறைத்தது. சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. யாரும் தடுக்கவில்லை. கால் தடுக்கவில்லை. டாக்டர் சான்றிதழ் தடுக்கவில்லை. முதல் வருஷம் முழுக்க அவர் ஏங்கிய கப்பல் வந்து நிற்கிறது. அதன் படியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு தீப்பெட்டி ஆளிடம் போய்ச் சேர்ந்ததற்கு இந்தச் சிரிப்பு சிரிக்கிறார்.

ஓட்டுவது இனிக்கவில்லை என்று இல்லை. இனித்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் ஓட்டி முடித்து இறங்கினால் அத்தோடு முடிந்துவிட்டது. மறுநாள் என்ன ஆகும் என்று கேட்க அதில் ஒன்றும் இல்லை. பதினாறு வருஷத்தில் எத்தனை லட்சம் பேரை இறக்கிவிட்டிருப்பார்! இறங்கினவர்கள் எங்கே போனார்கள், எதை விட்டுவிட்டுப் போனார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கிற ஆள் ஆகிவிட்டார். அப்படி ஆனது விபத்தினால்தான். சரி, இருக்கட்டும்.

நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது போல் இருந்தது. பத்தாம் நாள் தேர்வில், புதிதாக வேலைக்குச் சேர்ந்து கூடப் பயிற்சிக்கு வந்திருந்த இருபத்திரண்டு வயதுப் பையன்களை எல்லாம் பின்னுக்குத் தள்ளி முதலாவதாகத் தேறினார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பால்கனிக் கொடியில் பெரிய துண்டுகள் மூன்று காய்ந்தன. பக்கத்தில் கருநீல நீச்சல் உடுப்பு ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. வீடு முழுக்கக் குளோரின் வாசனை. மனைவி ஈரத் தலையோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்ட முகம்.

"நீச்சல் குளத்துக்குப் போனியா?"

"ம்."

"இன்னிக்கா?"

"பத்து நாளும்."

எக்ஸ்பிரஸ் காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். கல்யாணம் ஆன புதிதில் நகராட்சிக் குளத்தில் பெண்களுக்கான மாலை நேரத்தை ஒரு நாள்கூட விடாதவர் மனைவி. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நாற்பது முறை போய் வருவார். விபத்துக்குப் பிறகு நின்றுபோயிற்று. முதலில், எக்ஸ்பிரஸைத் தூக்கி உட்கார வைக்கவே ஆள் வேண்டியிருந்தது. பிறகு இவர் வேலை முடிந்து வரும் நேரமும் குளத்து நேரமும் ஒன்றாகிவிட்டது. எப்போதாவது கேட்டால் மனைவி, "தண்ணி ஒத்துக்கலைங்க, சளி பிடிக்குது" என்பார். பன்னிரண்டு வருஷமாக இவரும் அதை நம்பிக்கொண்டிருந்தார்.

"சளின்னு சொன்னியே."

"பிடிக்கலை" என்றார் மனைவி. சளி பிடிக்கவில்லை, பொய் பிடிக்கவில்லை என்ற இரண்டு அர்த்தத்துக்கும் பொதுவாக இருந்தது அந்தச் சொல். பிறகு வந்து எதிரே உட்கார்ந்தார். "பொய் சொன்னேன்னு நினைக்காதீங்க. நிஜமாவே எனக்கு வேணாம்னுதான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க போன அன்னிக்குச் சும்மா எட்டிப் பார்க்கலாம்னு போனேன். தண்ணியைப் பார்த்ததும் அழுகை வந்துடுச்சு. குளத்துல இறங்கி அழுதா யாருக்குத் தெரியப் போகுது? நல்லா அழுதேன்."

எக்ஸ்பிரஸும் அழுதவர்தான், முதல் நாள். ஆனால் பத்தாம் நாள் அவருக்கு அந்த இருக்கை வேண்டியிருக்கவில்லை. மனைவிக்குப் பத்தாம் நாளும் தண்ணீர் வேண்டியிருக்கிறது. இருவரும் ஒரே வீட்டில், ஒரே மேஜையில் உட்கார்ந்து, 'எனக்கு இதுவே போதும்' என்று ஒரே குரலில்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு அது உண்மை. இன்னொருவருக்கு அது வெறும் பழக்கம். கதவு திறக்கும்வரை எது எது என்று அவரவருக்கே தெரியவில்லை.

"அதான் போங்க போங்கன்னு துரத்தினியா?"

"அப்பவே மனசுக்குத் தெரிஞ்சிருக்கும் போல. எனக்குத் தெரியலை." மனைவி துண்டின் நுனியைத் திருகினார். "நீங்க வெளியூர் வண்டிக்குப் போனா சாயங்காலம் எனக்குன்னு இருக்கும்னு... ஆனா எனக்காக நீங்க ஓட்ட வேணாம். உங்க காரியத்தை உங்களுக்காக முடிவு பண்ணுங்க."

"நான் அறையிலயே இருக்கலாம்னு பார்க்கறேன்."

மனைவியின் முகம் ஒரு கணம் வாடியது. எக்ஸ்பிரஸ் அதைப் பார்த்தார். இந்தத் தடவை பார்க்காத மாதிரி இருக்கவில்லை.

"நீ குளத்துக்குப் போறதுக்கும் நான் அறையில இருக்கறதுக்கும் என்ன சம்பந்தம்? எனக்குக் கால்தான் மடங்காது. சாப்பாட்டைச் சூடு பண்ணக் கை இருக்குல்ல?"

"பண்ணிடுவீங்களா?"

"பன்னெண்டு டன் வண்டியை ஓட்டிட்டு வந்திருக்கேன். ஒரு பாத்திரத்தை அடுப்புல ஏத்த மாட்டேனா?"

"வண்டிக்கு அடிப்பிடிக்காது" என்றார் மனைவி. சொல்லிவிட்டு அவராலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் செயலாளர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். முதலாவதாகத் தேறின செய்தி அவருக்கு வந்திருந்தது. கட்டிப்பிடித்தார். முதுகில் தட்டினார். எக்ஸ்பிரஸ் விஷயத்தைச் சொன்னதும் கை அப்படியே நின்றது.

"இன்னும் அதேதானா?"

"இப்ப கால் பேசலைய்யா. அது சும்மா ஓரமா நீட்டிக்கிட்டு இருந்துச்சு. நானே ஓட்டினேன், நானே தேறினேன். சட்டையைக் கழட்டிப் போட்டு, நல்லா மூச்சு விட்டுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்."

"ஆனா அந்த ஆசையே உன்னை அங்க உக்கார வச்சதாலதானே வந்துச்சு?"

"ஓட்டற ஆசை எங்கேர்ந்து வந்துச்சாம்? எங்க வீடு பஸ் ஒர்க் ஷாப்புக்கு எதிர்ல. விடிஞ்சா வண்டிச் சத்தம். மருந்துக் கடைக்கு எதிர்ல பொறந்திருந்தா கம்பவுண்டர் ஆகணும்னு துடிச்சிருப்பேன். எல்லாம் எங்கேயோ உக்காந்ததால வந்ததுதான். வந்தது எப்படியோ வந்துட்டுப் போகுது. எந்திரிச்சுப் போகலாம்னு ஆன பிறகும் இருக்கான்னு பாரு. எனக்கு இருக்கு."

செயலாளர் தாடையைத் தேய்த்தார். முழுசாக ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை. "நாலு பேரு?" என்றார்.

"மடங்காத காலோட ஒருத்தன் முதல் மார்க் வாங்கிட்டான்னு காகிதத்துல இருக்கு. அதை வச்சு நீ சண்டை போடு. அதுக்காகத்தான் பத்தாம் நாள்வரைக்கும் இருந்தேன்."

மேலாளர் அறையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'பணியிட மாற்றத்தை ஏற்கிறேன் / ஏற்கவில்லை.' இரண்டாவதைச் சுழித்தார். கீழே 'காரணம்' என்று ஒரு கோடு. பேனா தன்னிச்சையாக 'கால் வலி' என்று எழுதிவிட்டது. பன்னிரண்டு வருஷப் பழக்கம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கால் வலிக்கவில்லை. அதை அடித்துவிட்டு, 'விருப்பம் இல்லை' என்று எழுதினார்.

மேலாளர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இதை மேல ஏத்துக்க மாட்டாங்க. உடல்நிலைன்னு போட்டுக்கலாமே? உங்களுக்கும் கௌரவமா இருக்கும்."

"உடம்பு ஓட்டும் மேடம். அதுக்குத்தான் நீங்களே சான்றிதழ் கொடுத்திருக்கீங்க. உடல்நிலைன்னு போட்டா மத்த நாலு பேருக்கும் அதையே சொல்லிடுவாங்க. என்னால முடியும். எனக்கு வேணாம். அவ்வளவுதான்."

மேலாளர் படிவத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார். "இந்த ஆபீஸ்ல இந்தக் காரணத்தை நான் பார்க்கறது இதுதான் முதல் தடவை" என்றார். குரலில் கோபம் இல்லை.

இரண்டு வாரத்தில் கழிப்பறைச் சாவிக்காரருக்குப் பயிற்சிக்கான கடிதம் வந்தது. அவர் எக்ஸ்பிரஸிடம் வந்து, எந்தக் காலை முதலில் உள்ளே அனுப்ப வேண்டும் என்று கேட்டுப் போனார். மற்ற மூன்று பேரில் இருவர் போவதாகச் சொன்னார்கள். ஒருவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். யோசிக்கட்டும் என்று செயலாளரே விட்டுவிட்டார்.

படிவம் கொடுத்த அன்று மாலை எக்ஸ்பிரஸ் நேராக வீட்டுக்குப் போகவில்லை. நகராட்சிக் குளத்தின் மதிலை ஒட்டி ஒரு சிமென்ட் பெஞ்சு உண்டு. பெண்கள் நேரத்தில் ஆண்களுக்கு அனுமதி அதுவரைதான். உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. மதிலைத் தாண்டித் தண்ணீரின் சளப் சளப் சத்தமும் யாரோ சிரிப்பதும் கேட்டன. அதில் எது தன் மனைவியின் கை என்று கண்டுபிடிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அரை மணி கழித்து மனைவி வெளியே வந்தார். கண்கள் சிவந்து, விரல் நுனிகள் சுருங்கி, பத்து வயது குறைந்தவராக இருந்தார்.

"நீங்க எங்க இங்க? எழுதிக் கொடுத்துட்டீங்களா?"

"கொடுத்துட்டேன்."

"என்னன்னு?"

"வேணாம்னு."

மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் எழுந்திருக்கக் கை கொடுத்தார்.

"சரி, நடங்க. நாற்பது தடவை நீந்தியிருக்கேன், பசி உயிர் போகுது. இன்னிக்கு அடுப்பு யார் பொறுப்புன்னு நினைவிருக்கா?"